இங்கு அரசியல் பேசாதீர்கள்

எங்கள் தெருமுனை சலூனில் கண்ணாடிக்கு மேலே ஒரு தகரப் பலகை தொங்கும். மஞ்சளில் சிவப்பு எழுத்து: ‘இங்கு அரசியல் பேசாதீர்கள்’. அதற்கு நேர் கீழே, கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துதான் எத்தனையோ இடைத்தேர்தல்களின் முடிவை முன்கூட்டியே தெரிந்துகொண்டிருக்கிறேன். பாதி தப்பாகப் போயிருக்கிறது, அது வேறு விஷயம். கடைக்கார அண்ணனிடம் ஒருமுறை கேட்டேன். “யாரும் மதிக்கிறதில்ல, அப்புறம் பலகை எதுக்குண்ணே?” கத்தரியை நிறுத்தாமல் சொன்னார்: “இருக்கட்டும் தம்பி. எனக்குப் புடிக்காதவன் பேசும்போது கைகாட்ட ஒண்ணு வேணும்ல.”

நானும் அப்படி ஒரு பலகை மாட்டி வைத்திருந்தேன். தகரத்தில் இல்லை, வாயில்.

சென்னையில் ஓர் அச்சகத்தின் மாடியில் மாதம் ஒரு சனிக்கிழமை படம் போடுவோம். பதினைந்து பேர் வந்தால் கூட்டம். போடுவதெல்லாம் பரிசோதனைப் படங்கள். கதை இருக்காது, சில நேரம் ஆளே இருக்க மாட்டார்கள், ஒரு நிறம் மட்டும் பத்து நிமிடம் துடித்துக்கொண்டிருக்கும். அறை நண்பனின் மாமாவுடையது. வாடகை கிடையாது. இரண்டே நிபந்தனை: “ஒன்பது மணிக்கு மேல சத்தம் வேணாம். அரசியல் வேணாம் தம்பி.” இரண்டுக்கும் சந்தோஷமாகத் தலையாட்டினேன். ஒரு நிறம் துடிப்பதைப் பார்க்க வருகிறவன் என்ன அரசியல் பேசிவிடப் போகிறான்?

ஒரு சனிக்கிழமை கனடா நாட்டு இயக்குநர் மைக்கேல் ஸ்னோவின் ‘வேவ்லெங்த்’ போட்டோம். 1967-ல் வந்த படம், 45 நிமிடம். நியூயார்க்கில் ஒரு நீளமான பழைய மாடி அறை. கேமரா ஒரு கோடியில் நின்றபடி, எதிர்க்கோடியிலுள்ள ஜன்னல்களை நோக்கி ஜூம் செய்துகொண்டே போகிறது. அவ்வளவுதான் படம். கூடவே ஒரு மின் ஒலி, அடித்தொண்டை உறுமலில் தொடங்கி மெல்ல மெல்ல ஏறி, கடைசியில் காதைத் துளைக்கும் கீச்சொலியாகிவிடும். நடுவில் சிலது நடக்கிறது. ஓர் அலமாரியைத் தூக்கி வந்து வைக்கிறார்கள். இரண்டு பெண்கள் ரேடியோ கேட்கிறார்கள். பிறகு ஓர் ஆள் தள்ளாடி உள்ளே வந்து தரையில் விழுந்து செத்துப்போகிறான். ஜூம் நிற்பதில்லை. அவனுக்கு மேலாக, அவனைத் தாண்டி, ஜன்னல்களுக்கு நடுவே சுவரில் ஒட்டியிருக்கும் ஒரு புகைப்படத்தை நோக்கிப் போகிறது. கடல் அலைகளின் புகைப்படம். கடைசியில் திரை முழுக்க அலைதான்.

ஃபிலிம் சுருளில் பார்க்க வேண்டிய படம். எங்களுக்குக் கிடைத்தது ஒரு கோப்பு. அந்த ஒலி எங்கே முடிகிறது, அறையின் ஃபேன் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை. ஆனாலும் விளக்கைப் போட்டபோது யாரும் உடனே வாய் திறக்கவில்லை. அது எங்கள் அறையில் நல்ல அறிகுறி.

புதிதாக வந்திருந்த ஒரு பெண்தான் முதலில் பேசினார். கல்லூரி முடித்து ஓராண்டு இருக்கும். “அண்ணா, அந்த ஆள் செத்துக் கிடக்கறான். கேமரா பாட்டுக்கு தாண்டிப் போகுது. அதப் பத்தி யாருமே ஒண்ணும் சொல்லலையே?”

எங்கள் குழுவில் கோட்பாடு தெரிந்த ஒருவர் உண்டு. அவர் விளக்கினார். இந்தப் படத்தின் விஷயமே ஜூம்தான், கதை என்ற பழக்கத்தைப் படம் தாண்டிச் செல்வதைத்தான் அந்தச் சாவு காட்டுகிறது என்றார். சரியான விளக்கம்தான். அந்தப் பெண் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: “எங்க ஊர்ல ரோட்டுல ஒருத்தன் விழுந்து கிடந்தா, யாரு நிப்பா யாரு தாண்டிப் போவாங்கறது, விழுந்தவன் எந்தத் தெருங்கறத வச்சுத்தான். எனக்கு இது ஜூமா தெரியல.”

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “எல்லாத்துலயும் சாதியக் கொண்டுவராதீங்க.” இன்னொரு குரல் அதற்குப் பதில் சொன்னது. நாற்காலிகள் கிறீச்சிட்டன. மணி எட்டே முக்கால். எனக்கு மாமாவின் முகம் நினைவுக்கு வந்தது. எழுந்து, எப்போதும் வைத்திருக்கும் அந்த மென்மையான குரலில் சொன்னேன்: “படத்தைப் பற்றி மட்டும் பேசுவோமே.”

அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டார். செருப்பு மாட்டும்போது கோபம்கூட இல்லை, சிரித்தமாதிரிதான் இருந்தது. அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும்.

அவர் படத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு உறைக்கப் பல மாதம் ஆனது. உறைத்தது, ‘வேவ்லெங்த்’ எங்கே பரிசு வாங்கியது என்று தேடப்போனபோது.

பெல்ஜியத்தின் கடலோரத்தில் கினோக்கெ என்று ஓர் ஊர். பணக்காரர்கள் விடுமுறைக்கு வரும் இடம். அங்கே உள்ள சூதாட்ட மாளிகையில், பெல்ஜிய திரைப்படக் காப்பகத்தின் ஜாக் லெடூ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதனைப் பட விழா நடத்துவார். 1967 கிறிஸ்துமஸ் விடுமுறையில் நடந்த விழாவில் ‘வேவ்லெங்த்’ முதல் பரிசு பெற்றது. அதே விழாவுக்கு மேற்கு பெர்லினின் திரைப்படக் கல்லூரியிலிருந்து மாணவர் கூட்டம் ஒன்று வந்திருந்தது. வியட்நாமில் போர் உச்சத்தில் இருந்த நேரம். இங்கே ஒளியும் தாளமும் பற்றி உரையாடல் நடக்கிறது. மாணவர்கள் குறுக்கிட்டார்கள், கூச்சல் போட்டார்கள், விழாவை நடத்தவிடாமல் தொந்தரவு செய்தார்கள். அவர்களில் ஒருவர் ஹாருன் ஃபரோக்கி. இன்னொருவர் ஹோல்கர் மைன்ஸ்.

இதில் வேடிக்கை, அதே மாளிகை நான்கு ஆண்டுக்கு முன் வேறொரு கலகத்தைப் பார்த்திருந்தது. 1963 கடைசியில் நடந்த விழாவில் ஜாக் ஸ்மித்தின் ‘ஃபிளேமிங் கிரீச்சர்ஸ்’ ஆபாசம் என்று திரையிட மறுக்கப்பட்டது. நியூயார்க் திரைப்படக் கூட்டுறவின் ஜோனஸ் மேக்கஸ் நடுவர் குழுவிலிருந்து விலகினார். விடுதி அறையில் ஆட்களைக் கூப்பிட்டுப் படத்தைப் போட்டுக் காட்டினார். புத்தாண்டு இரவில் ப்ரொஜெக்டர் அறையையே கைப்பற்றப் பார்த்தார். ஊர் திரும்பி 1964 மார்ச்சில் அதே படத்தைப் போட்டதற்காகக் கைதும் ஆனார். ஆக, 1967-ல் “இது கலை விழா, அரசியல் மேடை இல்லை” என்று யாராவது முகம் சுளித்திருந்தால், நான்கு ஆண்டுக்கு முன் அங்கே நடந்தது என்ன என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். தணிக்கைக்கு எதிராகக் கத்தினால் அது கலைச் சுதந்திரம்; போருக்கு எதிராகக் கத்தினால் அது இடையூறு. சலூன் பலகை பெல்ஜியத்திலும் தொங்கியிருக்கிறது.

மாணவர்கள் பக்கமே முழு நியாயம் என்றும் நான் சொல்லமாட்டேன். ‘வேவ்லெங்த்’ பெரிய படம். வியட்நாம் எரிந்தது அதனால் அல்ல, அது எடுக்கப்படாமல் இருந்திருந்தால் ஒரு குண்டுகூடக் குறைந்திருக்காது. கூச்சல் போட்டவனுக்கும் இது தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஏனென்றால் ஃபரோக்கி அதற்கப்புறம் செய்தது வேறு.

1968 நவம்பரில் கல்லூரி இயக்குநரின் அலுவலகத்தை ஆக்கிரமித்ததற்காக 18 மாணவர்களை வெளியேற்றினார்கள். ஃபரோக்கியும் அதில் ஒருவர். அடுத்த ஆண்டு ‘அணைக்க முடியாத தீ’ என்ற படத்தை எடுத்தார். கறுப்பு வெள்ளை. அவரே ஒரு மேசைக்குப் பின்னால் கோட்டு போட்டு, செய்தி வாசிப்பவர்போல உட்கார்ந்திருக்கிறார். நேபாம் என்ற தீக்குண்டில் எரிந்த ஒரு வியட்நாமியரின் வாக்குமூலத்தை உணர்ச்சி இல்லாமல் வாசிக்கிறார். பிறகு நம்மைப் பார்த்துச் சொல்கிறார்: தீக்காயத்தின் படத்தைக் காட்டினால் கண்ணை மூடிக்கொள்வீர்கள். முதலில் படத்துக்குக் கண்ணை மூடுவீர்கள், அப்புறம் அதன் நினைவுக்கு, அப்புறம் உண்மைகளுக்கு. ஆகவே நேபாம் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு சின்னக் குறிப்பு மட்டும் தருகிறோம் என்கிறார். கேமரா நெருங்குகிறது. வலது கையை நீட்டி எரிகிற சிகரெட் ஒன்றை எடுத்து, இடது முன்கையில் வைத்து அழுத்துகிறார். முகம் அசையவில்லை. ஒரு குரல் சொல்கிறது: சிகரெட் எரிவது ஏறத்தாழ 400 டிகிரியில், நேபாம் 3,000 டிகிரியில்.

இதைத்தான் நான் கினோக்கெ சண்டைக்கு ஃபரோக்கி எழுதிய பதிலாகப் பார்க்கிறேன். எதைக் காட்டலாம், எவ்வளவு கிட்டே போகலாம், பார்க்கிறவன் எந்த நொடியில் முகத்தைத் திருப்புவான் என்பதெல்லாம் ஸ்னோவின் கேள்விகளும்தான். செத்தவனைத் தாண்டிப் போன கேமராவுக்கு எதிராக, ஒரு கையின் மேல் போய் நிற்கும் கேமரா. (ஃபரோக்கியின் அப்பா இந்தியாவிலிருந்து ஜெர்மனி போன மருத்துவர். சிறுவயதில் கொஞ்ச காலம் இங்கே இருந்திருக்கிறார். இந்தத் தகவலால் படம் மேலும் நல்லதாகிவிடாது. ஆனால் எங்கள் அறையில் இதைச் சொன்னதும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், அது தனி அரசியல்.)

கூட வந்த ஹோல்கர் மைன்ஸ் வேறு வழியில் போனார். வீடற்ற ஒரு முதியவரைப் பற்றி மென்மையான குறும்படம் எடுத்தவர், கேமராவை விட்டுவிட்டு ஆயுதக் குழுவில் சேர்ந்தார். 1974 நவம்பரில் சிறையில் உண்ணாவிரதம் இருந்து இறந்தார். ஒரே வகுப்பறை, ஒரே கூச்சல். இவர்களில் ஒருவரைக் காட்டி “பார், அரசியல் பேசினால் இப்படித்தான் ஆகும்” என்பவர்களிடம் மற்றவரைக் காட்ட வேண்டியிருக்கிறது.

தமிழ் வாசகருக்கு இந்தச் சண்டை புதிதல்ல. சி.சு. செல்லப்பா 1959-ல் ‘எழுத்து’ தொடங்கிய காலம் முதல் நம் சிற்றிதழ்களில் இதுவேதான் பஞ்சாயத்து. உருவமா உள்ளடக்கமா, கலையா கட்சியா என்று பக்கம் பக்கமாகத் திட்டிக்கொண்டார்கள். இருநூறு பிரதி அச்சடிக்கிற பத்திரிகையில் எட்டுப் பக்கம் வசை. வெளியே இருப்பவனுக்குச் சிரிப்பு வரும். உள்ளே இருப்பவனுக்கு அது உயிர். பரிசோதனை சினிமாவும் அப்படி ஒரு சின்ன ஊர்தான். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், பணம் யாரிடமும் இல்லை, இருக்கிற ஒரு அறையின் சாவி யாரிடம் என்பதுதான் பெரிய கேள்வி.

அந்தச் சாவிக் கேள்வியை நான் கண்டதிலேயே அழகாகக் கேட்டவர்கள் லண்டன் பெண்கள். 1979-ல் அங்கே ஹேவர்ட் கலைக்கூடத்தில் ‘ஃபிலிம் அஸ் ஃபிலிம்’ என்று பெரிய கண்காட்சி. 1910 முதலான உருவப் பரிசோதனைப் படங்களின் வரலாறு. படத்தைப் படமாக மட்டும் பார்ப்போம் என்பதே தலைப்பு. என் வாக்கியத்தின் லண்டன் பதிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். லிஸ் ரோட்ஸ், ஆனபெல் நிகல்சன் முதலான பெண்களும் அதில் பங்கேற்றார்கள். அலீஸ் கீ, ஜெர்மேன் துலாக், மாயா டெரென் என்று வரலாற்றில் விடுபட்ட பெண் இயக்குநர்களின் பெயர்களைத் தேடியெடுத்து வைத்திருந்தார்கள். ஆனால் வரலாறு எப்படிச் சொல்லப்பட வேண்டும் என்பது முன்பே தீர்மானமாகிவிட்டது, தங்களுக்கு ஒரு மூலைதான் என்று தெரிந்ததும், வேலைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். தங்களுக்கு ஒதுக்கிய இடத்தைக் காலியாக விட்டு, ஏன் காலி என்று ஓர் அறிக்கை வைத்தார்கள். கண்காட்சிக்கு வந்தவர்கள் அந்த வெற்றிடத்தையும் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

இவர்கள் படம் தெரியாத கோஷக்காரர்கள் அல்ல. நிகல்சன் 1973-ல் செய்த ‘ரீல் டைம்’ நிகழ்வை நினைத்தாலே எனக்குப் பொறாமையாக இருக்கும். ஒரு தையல் மிஷின், ஒரு ப்ரொஜெக்டர். அவர் தைத்துக்கொண்டிருக்கும் காட்சி பதிவான ஃபிலிம், வளையமாக இரண்டின் வழியாகவும் ஓடுகிறது. அவர் உட்கார்ந்து தைக்கத் தைக்க ஊசி ஃபிலிமைக் குத்துகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஓட்டை கூடுகிறது, திரையில் அவருடைய உருவம் வெளிச்சப் புள்ளிகளால் அரிக்கப்படுகிறது. ஃபிலிம் இனி ஓட்டவே முடியாதபடி சிதைந்தால் நிகழ்வு முடிந்தது. ஃபிலிம் என்ற பொருளைப் பற்றி இதைவிட நேராக யார் பேசினார்கள்? அதே சமயம் என் அம்மாவின் தையல் மிஷின் சத்தம் இல்லாமல் என்னால் இதைக் கற்பனை செய்ய முடியவில்லை. இதில் எந்தப் பாதி படம், எந்தப் பாதி அரசியல் என்று கூறுபோட என்னிடம் கத்தி இல்லை.

வாதத்துக்கு இடமே படத்துக்குள் வைத்தவர்களும் உண்டு. அர்ஜென்டினாவின் சொலானஸும் கெட்டினோவும் ராணுவ ஆட்சியில் ஒளிந்து ஒளிந்து எடுத்த ‘உலைகளின் நேரம்’ 1968-ல் வெளிவந்தது. நான்கு மணி நேரத்துக்கும் மேல். அதில் விளம்பர அழகிகளும் கசாப்புக்கூடத்தில் அடிபடும் மாடுகளும் மாறி மாறி வெட்டி ஒட்டப்பட்டிருக்கும் பகுதி எந்தப் பரிசோதனைப் படத்துக்கும் குறையாத வெறிகொண்ட எடிட்டிங். முதல் பாகத்தின் முடிவில் இறந்த செ குவேராவின் முகம் நிமிடக்கணக்கில் அசையாமல் நிற்கும். படத்தை வீடுகளிலும் தொழிற்சங்கக் கட்டடங்களிலும் ரகசியமாகப் போட்டார்கள். இடையிடையே எழுத்து வரும்: இங்கே படத்தை நிறுத்துங்கள், பேசுங்கள். நிறுத்தி, விளக்கைப் போட்டுப் பேசினார்கள். போலீஸ் வரலாம் என்று தெரிந்தே வந்தவர்கள். அர்ஜென்டினத் தலைவர் பெரோனின் பக்கம் படம் சாய்வது எனக்கு உவப்பில்லை. ஆனால் அந்த நிறுத்தம்! எட்டே முக்காலுக்கு நான் பேச்சை நிறுத்தியதும், அவர்கள் பேச்சுக்காகப் படத்தை நிறுத்தியதும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது கூச்சமாக இருக்கிறது.

நம் நாட்டுக் கதையில் பணம் இன்னும் வெளிப்படை. இந்தியாவில் அறுபதுகளில் நடந்த துணிச்சலான பரிசோதனைகள் பலவற்றுக்குச் செலவு செய்தது அரசாங்கத்தின் ஆவணப்பட நிறுவனமான ஃபிலிம்ஸ் டிவிஷன். பிரமோத் பதி, எஸ்.என்.எஸ். சாஸ்திரி, சுக்தேவ் எல்லாம் அதற்குப் படம் எடுத்த கைகள். சுக்தேவின் ‘இந்தியா 67’ இன்றும் மலைப்பு. அதே சுக்தேவ் நெருக்கடி நிலையின்போது அதைப் போற்றியும் படம் எடுத்தார். எடிட்டிங் திறமை இரண்டு வேலையையும் செய்யும். 2004-ல் மும்பை ஆவணப்பட விழாவில் இந்தியப் படங்களுக்கு மட்டும் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும் என்று விதி வந்தது. எதிர்ப்பு கிளம்பி விதி போனது. ஆனால் கூர்மையான படங்கள் பல தேர்வில் கழிந்துபோயின. படம் எடுப்பவர்கள் ‘விகல்ப்’ என்று கூடி, விழா நடக்கும் அதே நாட்களில் தனியாகப் படம் போட்டார்கள். ஜான் ஆபிரகாம் அறைக்கே போகவில்லை. தமிழில் ‘அக்ரகாரத்தில் கழுதை’ எடுத்த மனிதர், கேரளத்தில் ஒடெஸ்ஸா என்ற திரைப்படக் கூட்டத்தோடு ஊர் ஊராகப் போய்ச் சனங்களிடம் காசு திரட்டி 1986-ல் ‘அம்ம அறியான்’ எடுத்தார். காசு கொடுத்தவன் கேள்வி கேட்பான். கேட்கட்டும் என்பதுதான் ஏற்பாடே.

இப்போதும் ஓய்ந்துவிடவில்லை. ஜெர்மனியின் ஓபர்ஹவுசன் குறும்பட விழாவின் தலைமை 2023 அக்டோபரில் இஸ்ரேலுக்கு ஆதரவான பேரணிக்கு அழைத்துப் போட்ட பதிவில், எதிர்த்தரப்பைப் பற்றிச் சொன்ன வார்த்தைகளால் கடும் எதிர்ப்பு எழுந்தது. படங்களை விலக்கிக்கொண்டவர்கள் உண்டு, விலகுவதைக் கண்டித்தவர்களும் உண்டு. பத்தாண்டாகச் சேர்ந்து படம் பார்த்தவர்கள் பேச்சு நின்று போனார்கள். எனக்கு அதில் ஒரு பக்கம் உண்டு. அதைவிட, அறையில் அரசியல் இல்லை என்று சொல்லிவந்த ஓர் உலகத்தில் முதல் வார்த்தை மேடையிலிருந்தே வந்தது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

எதிர்ப்பக்கத்துக்கும் ஒன்று சொல்லிவிட வேண்டும். படத்தைப் பார்க்காமலே அரசியல் பேச வருகிறவர்களை எனக்குத் தெரியும். விளக்கு அணைந்ததும் செல்போன், விளக்கு வந்ததும் ஏகாதிபத்தியம். அவர்களை நிறுத்தியதற்கு நான் வருத்தப்பட்டதில்லை, இனியும் நிறுத்துவேன். அந்தப் பெண் அப்படி இல்லை. எங்கள் எல்லோரையும்விடக் கவனமாகப் பார்த்திருந்தவர் அவர். அலையைப் பார்க்கப் போன எங்களுக்குப் பிணம் தெரியவில்லை.

போன வருடம் அவரைத் தேடிப் பிடித்து ஃபோன் செய்தேன். மன்னிப்பு என்று தொடங்கியதும், “அட விடுங்கண்ணா, அதெல்லாம் மறந்தே போச்சு” என்றார். மறக்கவில்லை என்பது அடுத்த வாக்கியத்தில் தெரிந்தது: “அந்தப் படத்த மறுபடி போடுறீங்களா? வர்றேன்.”

அச்சக மாடி இப்போது கிடங்கு. ஒரு நண்பன் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் சுவரில் போட்டோம். கோட்பாட்டுக்காரரும் வந்திருந்தார். ஆள் விழுந்தான், ஜூம் போனது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண் உள்ளே வந்து, யாருக்கோ ஃபோன் போட்டு, இங்கே ஓர் ஆள் இறந்து கிடக்கிறான் என்று சொல்லிவிட்டு வெளியேறினாள். பிறகு அலை.

“போன தடவ அந்த ஃபோன நான் கவனிக்கவே இல்ல” என்றார் அவர். “யாருமே ஒண்ணும் சொல்லலன்னு நான் சொன்னது தப்பு. ஒருத்தி சொல்றா.”

“சொல்லி?” என்றார் கோட்பாட்டுக்காரர். “கேமரா அதுக்கும் நிக்கலையே. அப்ப நீங்க சொன்னது சரிதான்.”

“இல்ல சார், அது வேற இது வேற.”

நான் வாயைத் திறக்கவில்லை. பின்வரிசையில் ஒருவர் எழுந்து நின்று, ஃபிரேமுக்கு வெளியே பிணம் போனபிறகு அது அறையில் இருக்கிறதா இல்லையா என்று ஆரம்பித்தார். இன்னொருவர் தன் ஊர்ச் சுடுகாட்டுப் பாதை வழக்கைச் சொன்னார். கீழ்வீட்டு அம்மா மாடியேறி வந்து மணி பத்தரை என்று சொல்லும்வரை யாரும் எழவில்லை. படியில் இறங்கும்போதும் அவர்கள் இருவரும் விடுவதாக இல்லை. கேட்டைச் சாத்தி, ப்ரொஜெக்டரைத் துணியில் சுற்றி உள்ளே வைத்துவிட்டுத் திரும்பினேன். தெருவில் இன்னும் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.